லெவல் 3 எழுத வரவில்லை என்கிற சகோதரிக்கு

கேள்வி:

வவுனியாவில் பிறந்து 2009-இல் லண்டனுக்கு வந்தவள் நான். வயது 47. வடமேற்கு லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏழு ஆண்டுகளாகக் கேரராக வேலை செய்கிறேன். பராமரிப்புப் படிப்பில் லெவல் 2 முன்பே முடித்துவிட்டேன். இப்போது சீனியர் கேரர் இடம் ஒன்று காலியாகிறது. லெவல் 3 டிப்ளோமாவில் சேர்ந்தால்தான் அதைத் தர முடியும் என்று மேனேஜர் சொன்னதால் சேர்ந்தேன். முதல் யூனிட்டை இரண்டு இரவு கண்விழித்து எழுதி அனுப்பினேன். 'முதியவர்களின் கண்ணியத்தை நாம் எப்போதும் மதிக்க வேண்டும், அவர்களுடைய விருப்பங்களுக்கு முக்கியத்துவம் கொடுக்க வேண்டும்' என்றெல்லாம் எழுதியிருந்தேன். 'இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று கேட்டு அசெஸர் திருப்பி அனுப்பிவிட்டார். அழுகை வந்துவிட்டது.

என் வேலையில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. டிமென்ஷியா உள்ள ஒரு மூதாட்டி யார் கூப்பிட்டாலும் குளிக்க வரமாட்டார். என்னோடு மட்டும் வருவார். ஹீட்டரில் துவாயைச் சூடாக்கி, கதவைச் சாத்தி, தோளில் போர்த்திவிட்டு, காலிலிருந்துதான் தண்ணீர் ஊற்றத் தொடங்குவேன். வேலை வருகிறது, எழுத்துதான் வரவில்லை. கோயிலில் பழக்கமான ஒருவர், யூனிட்டுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தால் எழுதித் தருவதாகச் சொல்கிறார். காசு எதற்கு, கம்ப்யூட்டரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் எழுதிவிடும் என்கிறாள் மகள். கணவர் இணையத்தில் மலிவாக ஒரு லெவல் 3 கோர்ஸ் பார்த்து வைத்திருக்கிறார். அதில் அசெஸரே கிடையாதாம். மேனேஜரோ, இதை அப்ரென்டிஸ்ஷிப்பாக, அதாவது வேலை செய்துகொண்டே கற்கும் பயிற்சித் திட்டமாக, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறார். விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. இன்னொன்று: ஊரில் இருக்கும் என் தம்பி மகள் இதே படிப்பைப் படித்தால் இங்கே வேலைக்கு வர முடியுமா?

பதில்:

அன்புச் சகோதரி,

விட வேண்டாம். காரணத்தைச் சொல்வதற்கு முன் ஒரு சின்னக் கண்டிப்பு. உங்கள் கடிதத்தில் அந்த மூதாட்டியின் பெயரும் அறை எண்ணும் இருந்தன. இரண்டையும் நீக்கிவிட்டுத்தான் வெளியிடுகிறேன். டிப்ளோமாவுக்கு நீங்கள் எழுதும் எதிலும் முதியவர்களின் பெயர், அறை எண், பிறந்த தேதி, உறவினர் பெயர் இவை வரக் கூடாது. கேர் பிளானை, அதாவது ஒருவருக்கான பராமரிப்புத் திட்டத்தை, கைப்பேசியில் படம் பிடித்து இணைக்கவும் கூடாது. நல்ல எண்ணத்தோடு செய்து, ஒழுங்கு விசாரணை வரை போனவர்கள் இருக்கிறார்கள். 'திருமதி அ' என்று எழுதினால் போதும்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் படிப்பு என்றால் பரீட்சை. பாடத்தை நெட்டுருப் போட்டு, அழகாக எழுதியவருக்கு மதிப்பெண். அந்தப் பழக்கத்தில்தான் நீங்கள் இரண்டு இரவு கண்விழித்திருக்கிறீர்கள். இங்கிலாந்தின் லெவல் 3 டிப்ளோமா அப்படிப்பட்டது அன்று. பரீட்சை மண்டபம் கிடையாது, மதிப்பெண் கிடையாது, முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு கிடையாது. 58 கிரெடிட் சேர்க்க வேண்டும். ஒரு கிரெடிட் என்பது ஏறக்குறைய 10 மணி நேர உழைப்பு. அதில் பெரும் பகுதி நீங்கள் ஷிப்டில் செய்கிற வேலையிலிருந்தே வர வேண்டும். கட்டாய யூனிட்டுகள் சில, நீங்களே தேர்ந்தெடுப்பவை சில. ஒவ்வொரு யூனிட்டுக்குள்ளும் சின்னச் சின்ன அளவுகோல்கள். 'செய்ய முடியும்' என்று தொடங்கும் பகுதிகளை நீங்கள் வேலை செய்யும் இடத்தில், நிஜமான வேலையில் காட்டியே ஆக வேண்டும். எவ்வளவு அழகாக எழுதினாலும் அவை எழுத்தில் மட்டும் நிறைவேறாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாம் பழமொழியாகச் சொல்வதை இவர்கள் விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

நானும் இரவு ஷிப்ட் பார்த்த கேரராக இருந்து, பிறகு மதிப்பீட்டாளர் (அசெஸர்) ஆனவன். தமிழர்கள் அனுப்பும் முதல் யூனிட்டைப் பார்த்ததும் தெரிந்துவிடும்: வரிக்கு வரி 'நாம்', 'நாங்கள்', 'வேண்டும்'. நாம் மதிக்க வேண்டும், நாம் கேட்க வேண்டும். நான் செய்தேன் என்று எழுதினால் தற்பெருமை ஆகிவிடும் என்று கூச்சம். அந்தக் கூச்சம் வீட்டில் நல்ல குணம்; சான்றுகளைச் சேர்த்துவைக்கும் போர்ட்ஃபோலியோவில் அதுதான் உங்களைக் கவிழ்க்கிறது. மதிப்பீட்டாளர் உங்களைப் பற்றித்தான் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் இல்லத்தைப் பற்றியோ மனிதகுலத்தைப் பற்றியோ அன்று.

உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு இரவு எழுதிய யூனிட்டில் ஒன்றும் இல்லை. எனக்கு எழுதிய ஒரே வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது. 'ஹீட்டரில் துவாயைச் சூடாக்கி, கதவைச் சாத்தி, தோளில் போர்த்திவிட்டு, காலிலிருந்துதான் தண்ணீர் ஊற்றத் தொடங்குவேன்.' இதை என்னிடம் அனுப்பியிருந்தால் நான் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன். தொலைபேசியில் கூப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் 'ஏன்' என்று கேட்டிருப்பேன். துவாயை ஏன் சூடாக்கினீர்கள்? கதவைச் சாத்தியது குளிருக்காகவா, நடையில் போகிறவர்கள் பார்க்கக் கூடாது என்பதற்காகவா? ஏன் காலிலிருந்து? தண்ணீரின் சூட்டை எப்படிப் பார்த்தீர்கள்? அவர் சம்மதித்தார் என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? நடுவில் வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்? முடிந்ததும் எங்கே பதிந்தீர்கள்?

இந்தக் கேள்விகளுக்கு நீங்கள் வாயால் சொல்லும் பதில்தான் யூனிட். உதாரணத்துக்கு, அது இப்படி வரலாம்:

'திருமதி அ-வுக்கு டிமென்ஷியா. தலையில் திடீரென்று தண்ணீர் விழுந்தால் பயந்து கையை வீசுவார். கேர் பிளானைப் படித்தபோது எனக்குக் காரணம் புரியவில்லை. மகளிடம் கேட்டேன், அம்மா வாழ்நாள் முழுவதும் தொட்டிக் குளியல்தான், ஷவர் பழக்கமில்லை என்றார். அதனால் நான் கால்களில் தொடங்கினேன். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் சொன்னேன், அவர் முகத்தைப் பார்த்தேன். ஸ்பாஞ்சை அவர் கையில் கொடுத்தேன். கைகளையும் மார்பையும் அவரே தேய்த்துக்கொண்டார். தலைக்குப் போகும்போது கையைத் தட்டிவிட்டார். நிறுத்திவிட்டேன். அன்று தலை குளிக்கவில்லை என்பதையும், ஏன் என்பதையும் அன்றைய குறிப்பில் எழுதினேன்.'

மகள் சொன்ன காரணம் என் கற்பனை. உங்கள் மூதாட்டிக்கு வேறு காரணம் இருக்கலாம், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் இந்தச் சில வரிகளில் சம்மதம் இருக்கிறது, கண்ணியம் இருக்கிறது, அவரால் முடிந்ததை அவரே செய்யவிடுதல் இருக்கிறது, சொல் இல்லாத பேச்சைப் படித்தல் இருக்கிறது, குடும்பத்தோடு சேர்ந்து வேலை செய்தல், பதிவு எல்லாம் இருக்கின்றன. ஒரே சம்பவம் மூன்று நான்கு யூனிட்டுகளுக்குச் சான்றாகும். எந்த அளவுகோலுக்கு எது பொருந்தும் என்று இலக்கம் போடுவது மதிப்பீட்டாளரின் வேலை. அதற்காக நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு சொல் என்னை நிறுத்தியது: 'என்னோடு மட்டும் வருவார்.' அதில் உள்ள பெருமை நியாயமானது. ஆனால் நீங்கள் விடுப்பில் போகும் வாரம் அவர் என்ன ஆகிறார்? குளிக்காமல் இருப்பார், அல்லது யாரோ அவசரத்தில் அழவைத்துக் குளிப்பாட்டுவார். லெவல் 2-க்கும் லெவல் 3-க்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். லெவல் 2-இல் நீங்கள் நன்றாகச் செய்தால் போதும். லெவல் 3-இல், நீங்கள் செய்வது ஏன் பலிக்கிறது என்று கண்டுபிடித்து, அதை மற்றவர்களும் செய்யும்படி ஆக்க வேண்டும். துவாய், கதவு, கால் என்ற வரிசையைக் கேர் பிளானில் எழுதவைத்தீர்களா? ஷிப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்ட்ஓவரில் சொன்னீர்களா? புதிதாக வந்த பெண்ணை ஒருநாள் கூட வைத்துக்கொண்டு, அடுத்த நாள் அவளைச் செய்யவிட்டு, நீங்கள் கதவுக்கு வெளியே நின்றீர்களா? இந்த மாதம் அதைச் செய்யுங்கள். செய்து, என்ன நடந்தது என்று எழுதுங்கள். முதல் முறை சரியாக வராவிட்டாலும் அப்படியே எழுதுங்கள், அதுவும் சான்றுதான். சீனியர் கேரர் வேலைக்கு நேர்காணலில் கேட்கப்போவதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

ஆங்கிலம் பற்றி. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது கைப்பேசியில் தமிழில் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள். பெயர் சொல்லாமல், பக்கத்தில் யாரும் கேட்காதபடி. வீட்டில் அதைக் கேட்டு, சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள். எழுத்துப்பிழைக்காக யாரும் உங்களைத் தோற்கடிக்க மாட்டார்கள். பொருள் தெளிவாக இருந்தால் போதும். அதைவிட எளிய வழியும் உண்டு. மதிப்பீட்டாளரிடம் 'புரொபெஷனல் டிஸ்கஷன்' வேண்டும் என்று கேளுங்கள். அவர் கேள்வி கேட்பார், நீங்கள் பேசுவீர்கள், அது பதிவாகும். அந்தப் பதிவே சான்று. நாள் முழுவதும் முதியவர்களோடும் அவர்களுடைய பிள்ளைகளோடும் ஆங்கிலத்தில் பேசுகிறவர்தானே நீங்கள்? இது கேட்டால் கிடைக்கும்; கேட்காமல் பலர் கஷ்டப்படுகிறார்கள். கூட வேலை செய்யும் நர்ஸோ சீனியரோ உங்கள் வேலையைப் பார்த்து எழுதித்தரும் சாட்சியமும் செல்லும். இங்கே நிலையாக வசிப்பவர்களில் ஜி.சி.எஸ்.இ என்ற பள்ளித் தேர்வில் ஆங்கிலம் தேறாத பெரியவர்களுக்கு, ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் என்ற அன்றாடப் பயன்பாட்டு ஆங்கில வகுப்பு பொதுவாக இலவசம். உள்ளூர்க் கல்லூரியில் விசாரியுங்கள். டிப்ளோமாவுக்காக இல்லாவிட்டாலும் சீனியர் ஆனபின் நீங்கள் எழுதப்போகும் விபத்து அறிக்கைகளுக்காகவாவது அது வேண்டும்.

அடுத்து, நம்மவர்கள் வழக்கமாகச் சறுக்கும் ஓர் இடம் உண்டு. முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

சர்க்கரை வியாதி உள்ள ஒரு தாத்தா மாலைத் தேநீரோடு நான்கு கிரீம் பிஸ்கட் கேட்கிறார். அவருக்கு நினைவு தெளிவாக இருக்கிறது. சர்க்கரை ஏறினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். என்ன செய்வீர்கள்? நான் கேட்ட தமிழ்க் கேரர்களில் பலர் சிரித்துக்கொண்டே ஒரே பதிலைச் சொல்வார்கள்: 'தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லுவோம், அவர் நல்லதுக்குத்தானே.' அப்பாவுக்கும் மாமாவுக்கும் வீட்டில் நாம் செய்வது அதுதான். இங்கே அது சட்டப்படி தவறு. 2005-ஆம் ஆண்டின் மென்டல் கப்பாசிட்டி சட்டம், வயது வந்த ஒருவருக்குத் தன் முடிவைத் தானே எடுக்கும் திறன் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் தொடங்கச் சொல்கிறது. இல்லை என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். முடிவெடுக்க அவருக்கு எல்லா உதவியும் செய்ய வேண்டும். ஒருவர் எடுக்கும் முடிவு நமக்கு முட்டாள்தனமாகத் தெரிகிறது என்பதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று சொல்ல முடியாது. திறன் உண்மையிலேயே இல்லாதபோது அவருடைய நன்மைக்காக முடிவெடுக்கலாம். அப்போதும் அவருடைய சுதந்திரத்தை மிகக் குறைவாகப் பறிக்கும் வழி எது என்று பார்க்க வேண்டும்.

அப்படியானால் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவதா? அதுவும் இல்லை. அவரைக் கவனிக்கும் கடமையும் உங்களுக்கு இருக்கிறது. சர்க்கரை பற்றி அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். சர்க்கரை குறைந்த பிஸ்கட்டையும் காட்டுங்கள். இரண்டு போதுமா என்று கேளுங்கள். அதன் பிறகும் நான்கு வேண்டும் என்றால், கொடுத்து, என்ன பேசினீர்கள் என்று பதிந்து, நர்ஸிடம் சொல்லுங்கள். உரிமைக்கும் பராமரிப்புக் கடமைக்கும் இடையே வரும் இந்த இழுபறிக்காகவே தனியாக யூனிட் இருக்கிறது. திறன் என்பது முடிவுக்கு முடிவு மாறும் என்பதையும் கவனியுங்கள். வீட்டை விற்பது பற்றி முடிவெடுக்க முடியாதவர், எந்தச் சட்டை போடுவது என்று தாராளமாக முடிவெடுப்பார். காலையில் குழம்பியிருப்பவர் மாலையில் தெளிவாக இருப்பார். 'அவருக்கு டிமென்ஷியா, அவருக்கு ஒன்றும் தெரியாது' என்று யூனிட்டில் எழுதினால் எந்த மதிப்பீட்டாளரும் சிவப்புப் பேனாவை எடுப்பார்.

போர்ட்ஃபோலியோவை ரகசிய நாட்குறிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கூட வேலை செய்யும் ஒருவர் ஒரு முதியவரைக் கையைப் பிடித்து இழுத்ததைப் பார்த்தேன் என்று எழுதினால், மதிப்பீட்டாளர் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. மேலே தெரிவித்தே ஆக வேண்டும். ஆகவே அப்படி எதையாவது பார்த்தால் யூனிட்டுக்காகக் காத்திருக்காமல் அன்றே மேனேஜரிடம் சொல்லுங்கள். மேனேஜர் காதில் வாங்கவில்லை என்றால் உள்ளூராட்சியின் பாதுகாப்புக் குழுவிடமோ, பராமரிப்பு இல்லங்களைக் கண்காணிக்கும் சி.க்யூ.சி-யிடமோ நீங்களே போகலாம். துன்புறுத்தலிலிருந்து காப்பது பற்றிய சேஃப்கார்டிங் பகுதியில் விண்டர்போர்ன் வியூ பற்றிப் படிப்பீர்கள். பிரிஸ்டலுக்கு அருகே இருந்த அந்த மருத்துவமனையில் கற்றல் குறைபாடு உள்ளவர்களை ஊழியர்கள் அடித்துத் துன்புறுத்தியதை 2011-இல் பி.பி.சி ரகசியக் காமிராவில் பிடித்து ஒளிபரப்பியது. பதினோரு பேர் தண்டிக்கப்பட்டார்கள், அவர்களில் ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். ஒளிபரப்புக்கு முன்பே அங்கே வேலை செய்த ஒரு நர்ஸ் முறையிட்டிருந்தார். நிர்வாகமும் சரி, சி.க்யூ.சி-யும் சரி, உரிய நேரத்தில் கவனிக்கவில்லை. அந்தப் பகுதியைத் தேதிகளை மனப்பாடம் செய்வதற்காகப் படிக்காமல், அங்கே தினமும் ஷிப்டுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களை நினைத்துப் படியுங்கள்.

மதிப்பீட்டாளர் நேரில் பார்க்க வரும் நாளைப் பற்றியும் உங்களுக்குப் பயம் இருக்கும். அன்று புதிதாக எதையும் செய்து காட்ட முயலாதீர்கள். நான் எதைப் பார்ப்பேன் என்று சொல்கிறேன். ஒரு முதியவரை ஹாய்ஸ்ட் என்ற தூக்கும் இயந்திரத்தில் தூக்குகிறீர்கள் என்று வையுங்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் உங்கள் கண் எங்கே போகிறது என்று பார்ப்பேன். அவரைத் தாங்கும் துணியான ஸ்லிங் அவருடையதுதானா, அளவு கேர் பிளானில் உள்ளதா, தையல் பிரிந்திருக்கிறதா, இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் பரிசோதனைத் தேதி தாண்டிவிட்டதா? மனிதர்களைத் தூக்கும் கருவியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியானவர் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். பிறகு, காற்றில் தொங்கும் அந்த அரை நிமிடம் நீங்கள் யாரோடு பேசுகிறீர்கள் என்று பார்ப்பேன். எதிரே நிற்கும் தோழியோடு வார இறுதிக் கதை பேசுகிற கேரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தரத்தில் தொங்குகிறவரோடு பேசுங்கள். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு மாவு கலந்து தேநீரைக் கெட்டியாக்கும்போது, அவருக்குரிய கெட்டித்தன்மை எது என்று கேர் பிளானில் பார்க்கிறீர்களா, மாவு டப்பாவை மேசையிலேயே விட்டுவிடாமல் பூட்டி வைக்கிறீர்களா என்பதையும் கவனிப்பேன். அந்த மாவை உலர்ந்தபடியே வாயில் போட்டு மூச்சடைத்து உயிரிழந்த நிகழ்வை அடுத்துத்தான் 2015-இல் தேசிய சுகாதார சேவை எச்சரிக்கை விடுத்தது. கையுறையைக் கழற்றியதும் கைகழுவுகிறீர்களா என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தரங்கப் பராமரிப்பின்போது நான் உள்ளே வர மாட்டேன். முதியவரின் சம்மதம் இல்லாமல் எந்த மதிப்பீட்டாளரும் அறைக்குள் நிற்கக் கூடாது.

எழுதித் தருவதாகச் சொல்லும் கோயில் நண்பருக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். பிடிபட்டால் யூனிட் மட்டும் போகாது. சான்றிதழே ரத்தாகலாம், இல்லத்துக்கும் தெரியவரும். பிடிப்பதும் கடினம் அன்று. 'திருமதி அ-வைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அன்று என்ன நடந்தது?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். மகளின் கம்ப்யூட்டர் எழுதுவதும் அதே கதைதான். அதற்கு உங்கள் இல்லத்தின் குளியலறை தெரியாது. 'கண்ணியத்தை மதிக்க வேண்டும்' என்பதை உங்களைவிட அழகாக எழுதும், அவ்வளவே. நீங்கள் எதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டீர்களோ அதையே சுத்தமான ஆங்கிலத்தில் தரும். மகளிடம் வேறு வேலை கொடுங்கள்: அளவுகோல்களை உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும், நீங்கள் சொல்லும்போது 'ஏன் அம்மா?' என்று குறுக்குக் கேள்வி கேட்கட்டும், எழுத்துப்பிழை பார்க்கட்டும். அதில் தவறில்லை.

கணவர் பார்த்த மலிவுக் கோர்ஸ். மதிப்பீட்டாளரே வராமல், வேலையிடத்தைப் பார்க்காமல் தரும் 'லெவல் 3' பெரும்பாலும் வெறும் வருகைச் சான்றிதழ்தான், டிப்ளோமா அன்று. இங்கிலாந்தில் தகுதிச் சான்றுகளை ஒழுங்குபடுத்துவது ஆஃப்குவல். அதன் பதிவேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. காசு கட்டும் முன் கோர்ஸின் முழுப் பெயரும் தகுதி எண்ணும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிட்டி அண்ட் கில்ட்ஸ், பியர்சன், என்.சி.எஃப்.இ, ஹைஃபீல்ட் போன்ற ஏதாவதொரு சான்றளிக்கும் அமைப்பின் பெயர் இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டால் மழுப்புகிறவர்களிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

அப்ரென்டிஸ்ஷிப்புக்கு வருகிறேன். 47 வயதில் அப்ரென்டிஸா என்று சிரிக்காதீர்கள். மேல் வயது வரம்பு கிடையாது. நன்மை என்ன? கட்டணம் உங்கள் கையிலிருந்து போகாது. பயிற்சிக்கு வேலை நேரத்திலேயே இடம் தந்தாக வேண்டும். சிக்கல் என்ன? கடைசியில் தனியாக இறுதி மதிப்பீடு உண்டு. முன்பு ஆங்கிலம், கணிதம் இரண்டும் கட்டாயமாக இருந்தன. 2025 பிப்ரவரியில் 19 வயதுக்கு மேற்பட்டோருக்கு அதை முதலாளியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். ஆகவே உங்கள் இல்லம் கேட்கிறதா இல்லையா என்று விசாரியுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது சம்பளம். முதல் ஆண்டில் இருக்கும் அப்ரென்டிஸுக்குச் சட்டத்தில் குறைந்த கூலி விகிதம் ஒன்று இருக்கிறது, வயது எதுவானாலும். 'இப்போதைய மணிக்கூலி ஒரு பென்னிகூடக் குறையாது' என்று எழுத்தில் வாங்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

டிப்ளோமாவாகவே தொடர்ந்தாலும் கட்டணம் யார் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். 2024 முதல் லெர்னிங் அண்ட் டெவலப்மென்ட் சப்போர்ட் ஸ்கீம் என்ற அரசுத் திட்டத்தில், பராமரிப்பு ஊழியர்களின் படிப்புச் செலவை இல்லங்கள் திரும்பப் பெற வழி இருக்கிறது. உங்கள் இல்லம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று மேனேஜரிடம் கேட்பது மரியாதைக் குறைவு அன்று. சில ஒப்பந்தங்களில், படித்து முடித்து இத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் படியுங்கள். புரியாவிட்டால் சிட்டிசன்ஸ் அட்வைஸில் இலவசமாக விளக்கம் கேட்கலாம். முதலாளி கட்டாயப்படுத்தும் பயிற்சி நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

படித்தால் என்ன கிடைக்கும்? ஆசைகாட்ட விருப்பமில்லை. இங்கிலாந்தில் கேரர்களுக்குப் பதிவு முறை கிடையாது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் உண்டு. ஆகவே இங்கே சாதாரணக் கேரருக்கு இந்தச் சான்றிதழ் சட்டக் கட்டாயம் அன்று. பல இல்லங்களில் சீனியருக்கும் கேரருக்கும் மணிக்கூலியில் உள்ள வித்தியாசம் வாய்விட்டுச் சொல்லும்படி இருக்காது; பொறுப்பின் வித்தியாசம்தான் பெரிது. மருந்துச் சாவி உங்கள் கையில் இருக்கும், இரவில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று உங்களைத்தான் கேட்பார்கள். அந்த மேல்தொகை எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாளை வேறு இல்லத்துக்குப் போனால் உங்கள் ஏழு ஆண்டுகளை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. டிப்ளோமாவைப் பார்க்க முடியும். லெவல் 4, பிறகு மேனேஜர்களுக்கான லெவல் 5 என்று மேலே போகவும் கதவு அதுதான். விருப்ப யூனிட்டுகளை எளிது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உங்கள் இல்லத்தில் அன்றாடம் நடப்பதைத் தேர்ந்தெடுங்கள்: டிமென்ஷியா, மருந்து கொடுத்தல், இறுதிக்காலப் பராமரிப்பு. இல்லத்தில் இல்லாத வேலைக்கு யூனிட் எடுத்தால் சான்றுக்கு அலைய வேண்டிவரும்.

தம்பி மகளைப் பற்றி. வெளிநாட்டிலிருந்து கேரர்களைப் புதிதாக வேலைக்கு எடுக்கும் விசா வழியை 2025 ஜூலை 22-இல் பிரிட்டன் மூடிவிட்டது. அதற்கு முன்பே, 2024 மார்ச் முதல், கேரர்கள் குடும்பத்தைக் கூட்டிவரவும் முடியாமல் போயிருந்தது. லெவல் 3 கையில் இருந்தாலும் கேரர் வேலைக்கு அவள் இப்போது ஊரிலிருந்து வர முடியாது. அதோடு, இந்த டிப்ளோமாவுக்கு நிஜமான வேலையிடமும் நேரில் மதிப்பீடும் வேண்டும். வவுனியாவில் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து அதை முடிக்க முடியாது. 'லண்டன் கேர் சர்டிஃபிகேட் தருகிறோம், விசா நிச்சயம்' என்று காசு கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுக்க வேண்டாம் என்று தம்பிக்கு இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளைக்கு இந்தத் துறையில் உண்மையான விருப்பம் இருந்தால், முறையான தாதியர் படிப்பைப் படிக்கட்டும். பதிவு பெற்ற நர்ஸாக வரும் வழி வேறு. ஆங்கிலத் தேர்வும் பதிவுக்கான தேர்வுகளும் இருந்தாலும் அது இன்னும் திறந்திருக்கிறது.